இலையில் இருந்தால் மருந்து, ஆலையில் செய்தால் விஷமா?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு 68 வயது. இதயம் கொஞ்சம் பலவீனம், ரத்த அழுத்தமும் உண்டு. பல வருடங்களாக டிஜாக்சின், அம்லோடிபின் என்று இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் மருத்துவர் டாபாக்லிஃப்ளோசின் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார். நெருங்கிய உறவினர் ஒருவர் வந்து, "எல்லாம் கெமிக்கல். ஒண்ணைச் சரி பண்ணும், ஒன்பதைக் கெடுக்கும். மூலிகைக்கு மாறிடுங்க, பக்கவிளைவே கிடையாது" என்று சொல்லி ஒரு பொடிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதிமதுரம் உள்பட பத்துப் பன்னிரண்டு சரக்கு அதில் சேர்ந்திருக்கிறதாம். காலம் காலமாக இருந்துவரும் இயற்கை மருந்து, நேற்று வந்த செயற்கை மருந்தைவிட உண்மையிலேயே பாதுகாப்பானதா?

மருத்துவமனை மருந்தகத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சுருக்கமான பதில்: இல்லை. அதற்காக, செயற்கை மருந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம் என்றும் சொல்ல வரவில்லை. ஒரு மருந்து செடியில் பிறந்ததா, ஆலையில் பிறந்ததா என்று தெரிந்துகொண்டு எனக்கு ஆகப்போவது எதுவுமில்லை. அதைச் சாப்பிட்டவர்களை யாராவது உட்கார்ந்து எண்ணினார்களா? எத்தனை பேரை எண்ணினார்கள், எத்தனை வருடம் எண்ணினார்கள்? நான் முதலில் கேட்பது இதைத்தான். ஏன் என்று உங்கள் அப்பாவின் மாத்திரைகளை வைத்தே சொல்லிவிடலாம்.

டிஜாக்சினில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உறவினர் 'கெமிக்கல்' என்று ஒதுக்கச் சொன்ன மூன்றில் இதுதான் அசல் மூலிகை. இன்றைக்கும் இந்த மருந்தை ஃபாக்ஸ்குளோவ் வகையைச் சேர்ந்த டிஜிட்டாலிஸ் லனாட்டா என்ற செடியை வயலில் பயிரிட்டு, இலையை உலர்த்தி, அதிலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள்.

இதன் கதை 1775-இல் இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறது. வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் ஒரு வீட்டு வைத்தியத்தைப் பற்றிக் கருத்துக் கேட்கிறார்கள். ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு மூதாட்டி ரகசியமாக வைத்திருந்த மருந்து அது. உடம்பில் நீர்கோத்து வீங்கிப்போய், மருத்துவர்கள் கைவிட்டவர்கள்கூட அதைக் குடித்துச் சில சமயம் எழுந்து நடந்தார்கள். வாந்தியும் பேதியும் பின்னி எடுத்துவிடும், அது வேறு விஷயம். இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் அந்தக் கலவையில் இருந்தன. அதில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் இலை ஒன்றுதான் என்று விதரிங் கண்டுகொண்டார். மற்றதெல்லாம் சும்மா கூட வந்தவை.

இதுவரைக்கும் பரம்பரை வைத்தியத்துக்குத்தான் வெற்றி. அதை நான் மறுக்கவே மாட்டேன். அப்புறம் விதரிங் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பத்து வருடம் நோயாளிகளைக் குறித்துவைத்துக்கொண்டே வந்தார். 1785-இல் புத்தகம் போட்டபோது அதில் 163 நோயாளிகளின் கணக்கு இருந்தது. குணமானவர்களோடு சேர்த்து, குணமாகாதவர்களையும் எழுதினார். ஆரம்பத்தில் தான் கொடுத்த அளவு மிக அதிகம் என்றும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். எந்தப் பருவத்தில் இலையைப் பறிப்பது, எப்படி உலர்த்துவது, எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

ஏன் இத்தனை கவனம்? இந்த இலையில் குணப்படுத்தும் அளவும் கொல்லும் அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு செடியின் இலையில் இருக்கும் சத்து இன்னொரு செடியில் இருக்காது. பூக்கும் முன் ஒன்று, பூத்தபின் ஒன்று. ஈரத்தில் காய்ந்தால் ஒன்று, வெயிலில் காய்ந்தால் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இலைப்பொடிதான் மருந்து என்பதால், ஒவ்வொரு தடவை வரும் சரக்கையும் தவளைக்கோ பூனைக்கோ புறாவுக்கோ கொடுத்து, எவ்வளவு கொடுத்தால் அதன் இதயம் நிற்கிறது என்று பார்த்து வீரியத்தைக் கணித்தார்கள். 1930-இல் சிட்னி ஸ்மித் என்ற வேதியியலாளர் டிஜாக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்த பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது.

இப்போது அந்த மாத்திரையைக் கையில் எடுத்துப் பாருங்கள். 0.25 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். ஒரு கிராமை நாலாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் மாத்திரையில் கிட்டத்தட்ட எல்லாமே மாவுதான், மருந்து ஒரு துணுக்கு. பலவீனமான இதயத்துக்கு, ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை இருந்தால் நல்லது; 2-ஐத் தாண்டினால் வாந்தி, இதயத் துடிப்பில் குளறுபடி, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது என்று ஆரம்பிக்கும். சிறுநீரகம் மந்தமானால் அதே மாத்திரையே அதிகமாகிவிடும். இப்படிப்பட்ட மருந்தை இலையாகச் சாப்பிடுவதா, அளந்த மாத்திரையாகச் சாப்பிடுவதா என்று கேட்டால் எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் வராது. இன்றும் ஃபாக்ஸ்குளோவ் இலையைக் காம்ஃப்ரி என்ற வேறொரு மூலிகை என்று நினைத்துத் தேநீர் போட்டுக் குடித்து மருத்துவமனைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். (காம்ஃப்ரியும் சாது இல்லை. கல்லீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கும் காரப்பொருள் அதில் உண்டு. அதைக் கலந்த துணை உணவுகளை (சப்ளிமென்ட்) சந்தையிலிருந்து எடுக்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001-இல் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது.)

செடி தன் விஷத்தை நமக்காக உண்டாக்கவில்லை என்பது பலருக்கும் மறந்துபோகிறது. பூச்சியும் மாடும் தன்னைத் தின்னாமல் இருக்கத்தான் அது பாடுபடுகிறது. எட்டி, அரளி, குன்றிமணி, ஆமணக்கு விதை, செங்காந்தள் கிழங்கு என்று சொல்லிக்கொண்டே போகலாம். அந்தச் செங்காந்தளில் இருக்கும் கோல்சிசின்தான் கீல்வாத வலிக்கு மருந்து, நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின்தான் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு மருந்து. இரண்டுமே அளவு கொஞ்சம் தவறினால் ஆளை முடித்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்வார்களே, அந்தப் பழமொழி அமிர்தம் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்பதில்லை.

சரி, அம்லோடிபின். இது முழுக்க முழுக்க ஆலைச் சரக்கு. எந்தச் செடியிலும் கிடையாது. ஆனால் முப்பது வருடங்களுக்கு மேல் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் தினமும் சாப்பிட்டு வருகிறார்கள். அதன் குற்றம் குறை எல்லாம் தெரியும்: சிலருக்குக் கணுக்கால் வீங்கும், முகம் சூடாகும். மருந்தை மாற்றினால் போய்விடும். என் கண்ணில் ஒரு மருந்துக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல சான்றிதழ் இந்தச் சலிப்புதான், அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமே இல்லாமல் போவது.

மூன்றாவது, புதிய மாத்திரை. உறவினருடைய பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கும் இடம் இது. டாபாக்லிஃப்ளோசினின் பாட்டனார் ஒரு மரப்பட்டையில் இருக்கிறார். ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற பொருளை 1835-இல் பிரித்தெடுத்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை போகிறது என்று அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. ஆனால் அப்படியே மருந்தாக்க முடியவில்லை. குடலிலேயே சிதைந்துவிடும்; போதாததற்குச் சிறுநீரகத்தை விட்டுவிட்டுக் குடலிலும் கைவைத்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறைத் திருத்தி, குடலில் சிதையாமலும் பெரும்பாலும் சிறுநீரகத்தில் மட்டும் வேலை செய்யும்படியும் மாற்றியமைத்தார்கள். அதன் விளைவுகளில் ஒன்றுதான் இந்த மாத்திரை. இயற்கை கொடுத்ததைவிட மனிதன் திருத்தியது உடம்புக்கு இதமாக இருக்கும் இடங்களும் உண்டு என்பதற்கு இதுவே நல்ல உதாரணம்.

ஐரோப்பாவில் 2012-இலும் அமெரிக்காவில் 2014-இலும், முதலில் சர்க்கரை நோய்க்கான மருந்தாக, இதற்கு அனுமதி கிடைத்தது. 2015-இல் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் எச்சரிக்கை வந்தது: அபூர்வமாகச் சிலருக்கு ரத்தம் அமிலமாகிறது, அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே. அனுமதிக்கு முன் ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்தார்களே, அப்போது இது ஏன் தெரியவில்லை?

இதில் ஒளிவுமறைவு எதுவும் தேவையில்லை, வெறும் கணக்கே போதும். 3,000 பேருக்கு ஒரு மருந்தைக் கொடுக்கிறீர்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதனால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. ஆயிரத்தில் ஒருவருக்கு ஆகக்கூடியதுகூட இந்த வலையில் சிக்காமல் நழுவியிருக்கலாம். மருந்துப் புள்ளியியலில் இதை 'மூன்றின் விதி' என்பார்கள்: மூன்றை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் நாம் உறுதியாகச் சொல்லக்கூடிய உச்சவரம்பு. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் ஆபத்து, மருந்து சந்தைக்கு வந்து லட்சக்கணக்கானவர்கள் சாப்பிட்ட பிறகுதான் தலைகாட்டும். அதனால்தான் ஐரோப்பாவில் கூடுதல் கண்காணிப்பில் இருக்கும் மருந்துகளின் குறிப்புத் தாளில் தலைகீழான ஒரு கறுப்பு முக்கோணம் போடுகிறார்கள். இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். உங்கள் அப்பாவின் மருந்து அந்தக் கட்டத்தை ஓரளவு தாண்டிவிட்டது. இதயம் பலவீனமான 4,744 பேரிடம் செய்து 2019-இல் வெளிவந்த பெரிய ஆய்வு, இதயச் செயலிழப்பு மோசமாவதையும் இதயநோய் மரணத்தையும் அது குறைக்கிறது என்று காட்டியது.

புதிய மருந்து என்றால் பயப்பட வரலாறு நிறையக் காரணம் கொடுத்திருக்கிறது, அதையும் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலைப்பட்சம். தாலிடோமைடு 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. தூக்க மாத்திரைகளிலேயே மிகவும் சாதுவானது என்று விளம்பரம் செய்தார்கள். கர்ப்பிணிகள் வாந்திக்குச் சாப்பிட்டார்கள். 1961 இறுதியில் திரும்பப் பெற்றார்கள்; அந்த மருந்தால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் வளராமல் பிறந்தன. வலிநிவாரணியான ரோஃபெகாக்ஸிப் 1999-இல் வந்தது, மாரடைப்பைக் கூட்டுகிறது என்று 2004-இல் போனது. இன்னொன்று எனக்கு இதைவிட உறைக்கும்: டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால். 1938-இல் செய்யப்பட்ட செயற்கை ஹார்மோன். கருச்சிதைவு ஆகாமல் இருக்கக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். தாய்க்கு உடனே ஒன்றும் ஆகவில்லை, குழந்தையும் நன்றாகவே பிறந்தது. 1971-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். இளம்பெண்களுக்கு வரவே வராத ஒரு பிறப்புறுப்புப் புற்றுநோய் எட்டுப் பேருக்கு வந்திருந்தது. எட்டில் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்பத்தில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்கள். ஒரு தலைமுறைச் சாப்பாட்டின் விளைவு அடுத்த தலைமுறையில்!

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, 'தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டார்களே, கெடுதல் இருந்தால் தெரியாமலா போயிருக்கும்' என்ற வாதத்துக்கு வாருங்கள். பாதி உண்மை இது. சாப்பிட்டவுடன் வாந்தி எடுத்தால், மயங்கி விழுந்தால், ஊரே பார்க்கும். அந்தச் செடியை அடுத்த முறை யாரும் தொடமாட்டார்கள். உடனடியாகக் கெடுதல் செய்வதைப் பாரம்பரியம் அருமையாக வடிகட்டும். ஆனால் பதினைந்து வருடம் கழித்து ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தால்? இருபது பேர் சாப்பிட்டு ஒருவருக்கு மட்டும் புற்றுநோய் வந்தால்? 'அவருக்கு விதி அவ்வளவுதான்' என்று போய்விடும். பாஸ்டனில் அந்தப் பெண்களின் தாய்மார்கள் என்ன மாத்திரை சாப்பிட்டார்கள் என்று தேடிப்பார்க்க முடிந்தது. கஷாயத்துக்கு யார் அப்படிக் கணக்கு வைத்தார்கள்?

அரிஸ்டோலோக்கியா இதற்கு மறக்க முடியாத பாடம். ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி என்று தமிழில் அறியப்படும் செடிகள் இந்தப் பேரினத்தைச் சேர்ந்தவைதான். (ஆடுகூடத் தீண்டாது என்று பெயரிலேயே எழுதிவைத்துவிட்டு நாம் மருந்தாக்கிக்கொண்டோம்.) கிரேக்கர்கள் இதைப் பிரசவத்துக்குப் பயன்படுத்தினார்கள்; 'நல்ல பேறு' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். இரண்டாயிரம் வருடம் பல நாகரிகங்களில் மருந்தாக இருந்த செடி. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போன பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். விசாரித்தால், அவர்களுக்குக் கொடுத்த மாத்திரையில் ஸ்டீஃபானியா என்ற சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா கலந்திருந்தது. சீன மொழியில் ஒன்று 'ஃபாங் ஜி', இன்னொன்று 'குவாங் ஃபாங் ஜி'. பெயர்க் குழப்பம்தான்! கெட்டுப்போன சிறுநீரகங்களை 39 பேர் அகற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். அவர்களில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்ததாக 2000-இல் கட்டுரை வந்தது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் மரபணுவில் விட்டுச்செல்லும் வடு தனி மாதிரி என்பதால், பிற்பாடு வேறு இடங்களில் கிடைத்த கட்டிகளிலும் அதை அடையாளம் காண முடிந்தது. டான்யூப் நதியின் கிளையாறுகளை ஒட்டிய பால்கன் கிராமங்களில் பல பத்தாண்டுகளாகப் புரியாத புதிராக இருந்த சிறுநீரக நோய்க்கும் இதே செடிதான் காரணம். கோதுமை வயலில் களையாக முளைத்து, அதன் விதை மாவில் கலந்துவந்தது. இரண்டாயிரம் வருட அனுபவத்துக்குத் தெரியாத ஒன்று, நூறு பேரின் மருத்துவக் குறிப்பேட்டில் தெரிந்தது.

கீழைநாட்டு வைத்தியத்தை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மேலைநாட்டுப் பழைய வைத்தியமும் சளைத்ததில்லை. பல் முளைக்கும் குழந்தைகளுக்குப் பாதரச உப்பு கலந்த பொடியைத் தேய்த்தார்கள். கைகால் சிவந்து, தோலுரிந்து, குழந்தைகள் ஓயாமல் அழுதன. அதற்கு 'பிங்க் நோய்' என்று ஒரு பெயர் வைத்தார்களே தவிர, காரணம் அந்தப் பொடிதான் என்று ஒத்துக்கொள்ள இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று.

அப்படியானால் பாரம்பரிய அறிவு வீணா? இல்லவே இல்லை. மலேரியாவுக்கு இன்று உலகம் நம்பியிருக்கும் ஆர்ட்டெமிசினின், 4-ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கே ஹோங் எழுதிவைத்த ஒரு குறிப்பிலிருந்து வந்ததுதான். அந்த மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்கிறார் அவர், காய்ச்சச் சொல்லவில்லை. சீன விஞ்ஞானி தூ யூயூ அந்த இடத்தில் நின்று யோசித்தார்: சூடு மருந்தைக் கெடுக்கிறதோ? குறைந்த வெப்பத்தில் ஈதரில் பிரித்தபோது 1971-இல் மருந்து கிடைத்தது. 2015-இல் நோபல் பரிசு. ஆனால் அதே செடியின் இலையைத் தேநீராகக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. ஒவ்வொரு கோப்பையிலும் ஒவ்வோர் அளவு. அரைகுறை அளவு கிருமிக்குப் பயிற்சி கொடுப்பது மாதிரி.

இயற்கையானது என்பதாலேயே ஆபத்து வந்த இடமும் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் குறைவான குழந்தைகளுக்கு, இறந்தவர்களின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோனை ஊசியாகப் போட்டுவந்தார்கள். அசல் மனித ஹார்மோன், இதைவிட இயற்கை வேண்டுமா? சில சுரப்பிகளில் மூளையை அரிக்கும் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் ஒளிந்திருந்தது. 1985-இல் அது தெரியவந்து நிறுத்தினார்கள். அதே வருடம் நுண்ணுயிரிகளை வைத்துத் தயாரித்த ஹார்மோனுக்கு அனுமதி கிடைத்தது, பிரச்சினை தீர்ந்தது. பழைய ஊசி போட்டுக்கொண்டவர்களில் உலகம் முழுக்க 200-க்கும் மேற்பட்டவர்கள், பலர் வாலிப வயதில், அந்த நோயால் இறந்தார்கள்.

இப்போது பொட்டலத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 'அதிமதுரம்' என்ற ஒரு சொல்தான்.

அதில் இருக்கும் கிளைசிரைசின், சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுக்கும். அதனால் உடம்பு உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். தொண்டை கரகரப்புக்கு எப்போதாவது ஒரு துண்டு வாயில் போட்டால் ஒன்றும் ஆகாது. தினமும், வாரக்கணக்கில் என்றால் ஆகும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தினமும் சுமார் 57 கிராம் அதிமதுர மிட்டாயை இரண்டு வாரம் சாப்பிட்டால்கூட இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்று அமெரிக்க அரசே எச்சரித்திருக்கிறது. பொட்டாசியம் இறங்கிய உடம்பில் டிஜாக்சின் பல மடங்கு முரடாக நடந்துகொள்ளும். ரத்தத்தில் அதன் அளவு சரியாக இருந்தாலும் விஷமாகிவிடும். அதாவது, இரண்டு மூலிகைகள் உங்கள் அப்பாவின் உடம்புக்குள் மோதிக்கொள்ளப் போகின்றன. ஒன்றுக்கு மாத்திரை வேஷம், ஒன்றுக்குப் பொடி வேஷம், அவ்வளவுதான்.

இதை ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன். எழுபதை ஒட்டிய ஓர் அம்மா. கால் துவண்டு நடக்க முடியவில்லை என்று சேர்த்திருந்தார்கள். நாடி விட்டுவிட்டு ஓடியது. பொட்டாசியம் 2.4, குறைந்தது 3.5 இருக்க வேண்டும். டிஜாக்சின் சாப்பிடுகிறவர், அளவு பார்த்தால் சரியாகவே இருக்கிறது. நீர் மாத்திரை உண்டா என்றால் இல்லை. பேதி? இல்லை. வேறு ஏதாவது மருந்து? இல்லவே இல்லை என்று சாதித்தார். மூன்றாம் நாள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, ஒரு கரண்டி பொடியை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார். என்னம்மா அது என்று கேட்டதற்கு, "இது மருந்து இல்லப்பா, வெறும் அதிமதுரம். நெஞ்சுச் சளிக்கு நல்லதுன்னு நாலு மாசமா சாப்பிடுறேன்" என்றார். நாங்கள் மருந்து மருந்து என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் கணக்கில் அது மருந்தே இல்லை. அதற்குப் பிறகு நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: 'வாய்க்குள் என்னென்ன போகிறது?'

இப்படி மோதும் மூலிகைகளில் பேர்போனது செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மனச்சோர்வுக்கு உண்மையிலேயே ஓரளவு வேலை செய்யும். ஆனால் கல்லீரலை முடுக்கிவிட்டு, மற்ற மருந்துகளை வேகமாக வெளியேற்றிவிடும். இதய மாற்று சிகிச்சை செய்துகொண்ட இருவர் இதைச் சாப்பிட்டு, உடம்பு புது இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது 2000-இல் பதிவானது. கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின், ஏன் டிஜாக்சினையும் இது பலமிழக்க வைக்கும். சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மோனகோலின் கே, கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டேடின் மாத்திரையேதான், அணு பிசகாமல். 'மாத்திரை வேண்டாம்' என்று அதற்கு மாறுகிறவர்கள், அதே மருந்தை அளவு தெரியாமல் சாப்பிடுகிறார்கள்.

பொட்டலத்தில் எழுதாதது உள்ளே இருப்பதும் உண்டு. 2007 முதல் 2016 வரை அமெரிக்காவில் மட்டும் 776 'இயற்கை' துணை உணவுகளில் மறைத்துக் கலந்த மருந்துகள் பிடிபட்டன. ஆண்மைக்கு என்று விற்றதில் சில்டெனாஃபில், உடல் மெலிய என்று விற்றதில் தடைசெய்யப்பட்ட சிபுட்ரமின், இந்த ரீதியில். மூட்டுவலிக்கு ஒரு மூலிகை இரண்டே நாளில் அற்புதம் செய்தது என்று யாராவது சொன்னால், ஸ்டீராய்டு இருக்குமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

'பக்கவிளைவே கிடையாது' என்பதைப் பற்றி ஒன்று. டாபாக்லிஃப்ளோசின் பெட்டிக்குள் இருக்கும் தாளை விரித்தால் பக்கவிளைவுப் பட்டியல் நீண்டுகொண்டே போகும், படித்தால் வயிற்றைக் கலக்கும். பொட்டலத்தில் தாளே இல்லை. மனது எதை நம்பும்? ஆனால் அந்தத் தாள் நீளமாக இருப்பதற்குக் காரணம், யாரோ கேட்டு, எழுதி, எண்ணியிருக்கிறார்கள். தாள் இல்லாத மருந்துக்கு அதை யாரும் செய்யவில்லை, சட்டமும் பல இடங்களில் கேட்பதில்லை. அமெரிக்காவில் 1994-இல் வந்த சட்டப்படி, துணை உணவாக விற்கும் மூலிகைக்கு, பாதுகாப்பானது என்று முன்கூட்டியே நிரூபித்து அனுமதி வாங்க வேண்டியதில்லை. அங்கே மருந்தால் கல்லீரல் கெட்டு வருபவர்களைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஆய்வாளர் குழுவின் கணக்கில், ஐந்தில் ஒரு பங்கு மூலிகைகளாலும் துணை உணவுகளாலும் வந்தது. சமையலில் ஒரு சிட்டிகை போடுவது வேறு, அதன் சாரத்தைச் செறிவாக்கி மாத்திரையாக விழுங்குவது வேறு என்பதை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேநீராகக் குடித்தால் சாதுவான பச்சைத் தேயிலை, செறிவூட்டிய மாத்திரையாகும்போது கல்லீரலைப் பதம்பார்த்திருக்கிறது. கடையில் கேட்டவுடன் கிடைக்கும் பாரசிட்டமாலும் அளவு மீறினால் அதையேதான் செய்யும், அதற்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பொடியை இப்போதைக்கு ஆரம்பிக்க வேண்டாம். ஆரம்பித்துவிட்டார் என்றால் நிறுத்திவிட்டு, இரண்டொரு நாளில் பொட்டாசியமும் சிறுநீரக அளவுகளும் பார்க்கச் சொல்லுங்கள். கால் துவளுதல், படபடப்பு, குமட்டல், பார்வையில் மஞ்சள் எது இருந்தாலும் அன்றைக்கே போங்கள். மூன்று மாத்திரைகளில் எதையும் தானாக நிறுத்தக் கூடாது. புதிய மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: 'இதே வேலையைச் செய்யும் பழைய மருந்து உண்டா, இருந்தும் இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' இதயம் பலவீனமானவருக்கு அவரிடம் நல்ல பதில் இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். வாந்தி, காய்ச்சல், சாப்பிட முடியாத நாட்களில் அந்த மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டுமா என்பதையும் கூடவே கேட்டுவிடுங்கள். 2015 எச்சரிக்கைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. ஏதாவது அறுவைச் சிகிச்சை வந்தால், மாத்திரை, மூலிகை எல்லாவற்றையும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உறவினர் கொடுத்த பொட்டலத்தையும் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே என்ன சரக்கு என்று பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பொட்டலம் மேசைக்கு வந்தாலே பாதி வேலை முடிந்தது. உறவினரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டு சரக்கின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.